ராஜ்கமலுக்கு ஒரு தெலுங்கு அம்மா

நோட்டீஸ் போர்டை ராஜ்கமல் இரண்டு முறை படித்தான். வெள்ளிக்கிழமை தாய்மொழி தினமாம். ஊழியர்கள் அவரவர் அம்மாவை அழைத்து வந்து மேடையில் தாய்மொழியில் பேசவைக்க வேண்டுமாம். ஜெர்மனித் தலைமையகத்தின் உத்தரவு.

செம்மங்குப்பத்திலிருக்கும் இந்த ஜெர்மன் கம்பெனி வேலைக்கு இன்டர்வியூ போன அன்று, மேனேஜர் பெயர் ராவ் என்று கண்டதும், "எங்க வீட்டுல தெலுங்குதான் சார்" என்று அளந்துவிட்டிருந்தான். வேலை கிடைத்தது. ஆபீசில் தமிழும் இங்கிலீசும்தான் என்பதால் இத்தனை நாள் வண்டி ஓடியது. அவன் வீட்டுக்குள் தெலுங்கு நுழைந்ததெல்லாம் டிவியில் டப்பிங் படமாகத்தான், அதுவும் தமிழில். வேலை நிரந்தரமாகும் நேரம் பார்த்தா இந்தச் சோதனை!

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல சார்" என்று ராவிடம் போய் நின்றான்.

"அடடா! வீடு குறிஞ்சிப்பாடிதானே? சாயங்காலம் நானே வந்து பாக்குறேன்."

"ஐயோ, ஜுரம் எறங்கிடுச்சு சார்!"

"அப்ப கூட்டிட்டு வந்துடு. மேடையில நானே அவுங்ககூட பேசுறேன்."

வடலூருக்கு ஓடினான். நண்பன் சித்தார்த்தின் மாமியார் ரமணம்மா நெல்லூரில் பிறந்தவள்.

"ஒரே ஒரு நாளைக்கு எனக்கு அம்மாவா இருங்க அத்தை!"

"இருக்கேன் தம்பி. ஒன்னப் பெத்தவ என்ன பண்ணுவா?"

பெற்றவள் தைலம்மாளோ, எப்படியோ சேதி தெரிந்து, புதுப் புடவையை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"விழா ரத்தாயிடுச்சும்மா" என்றான். அவள் முகம் வாடியதைப் பார்க்க அவனுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ரமணம்மா மைக்கைப் பிடித்தாள். தெலுங்கு மடை திறந்தது. ராவ் தலையாட்டினார், சிரித்தார், "அவுனு, அவுனு" என்று ஆமாம் போட்டார். பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவள் காதில் ஏதோ சொன்னார். ரமணம்மா திரும்பி ராஜ்கமலையே வெறித்துப் பார்த்தாள்.

வேலை போயிற்று என்று முடிவுகட்டி, மேடைக்குப் பின்னால் அவளை மடக்கினான். "கண்டுபுடிச்சிட்டாரா அத்தை?"

"அதெல்லாம் இல்ல. ஒனக்கு வேலை பர்மனெண்ட்டுன்னாரு."

"அப்பாடா!"

"அவரு சிதம்பரத்துல பொறந்து வளந்தவராம், அந்த 'அவுனு'வத் தவிர தெலுங்குல ஒண்ணும் தெரியாதாம். அதுக்குன்னே ஒன்ன வேலைக்கு எடுத்தாராம், திங்கக்கெழமையிலேருந்து ஐதராபாத் ஆபீஸ் போனெல்லாம் நீதான் பேசணுமாம்!"