ஸ்லீப்பிங் பேக்குக்குள் முப்பத்தைந்து நிமிடம்

நாலு பேர் அழுதுகொண்டே என்னைப் பற்றி நல்லதாகப் பேசியதை நான் உயிரோடு இருக்கும்போதே கேட்டிருக்கிறேன். இந்தப் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாய்க்கவும் வேண்டாம்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஐயப்பன்தாங்கலில் வீடு, அம்பத்தூரில் வேலை, நடுவில் பேருந்து. இவ்வளவுதான் என் உலகம். ஆபீஸ் தோழிகள் மலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்கள் என்றதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. அதுவரை வீட்டை விட்டு ஒரு நாள்கூட வெளியே தங்கியதில்லை. இந்த ஒரு தடவை அனுப்பிவிட்டால் அடுத்த தடவை கேட்பது சுலபம். இது தட்டிப்போனால் கல்யாணம் வரைக்கும் கதவு திறக்காது.

அப்பா ஒரு தொழிற்சாலையில் தரம் பார்த்து முத்திரை குத்தும் வேலையில் முப்பது வருஷம் இருந்தவர். (தேங்காயைக்கூட மூன்று கடையில் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்.) அவர் போகாதே என்று சொல்லவில்லை.

"மலைல குளிருமே, இன்னாத்துல படுப்ப? அதை எடுத்துகினு வா. டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்றேன்."

உள்ளே புகுந்து ஜிப்பை இழுத்துக்கொண்டு படுக்கும் ஸ்லீப்பிங் பேக் வாங்க, பூந்தமல்லியில் பை விற்கும் கடைக்குப் போனேன். "அக்கா, ரெண்டுமே மைனஸ் அஞ்சு டிகிரி தாங்கும். உங்களுக்குச் சின்னதே போதும். பெருசு ஆறடி ஆளுக்கு" என்றார் கடைக்காரர். நான் கேட்டேனா? எங்கள் வீட்டில் ஸ்கூல் யூனிஃபார்ம் முதல் செருப்பு வரை எல்லாமே 'வளர்ற புள்ள' என்று இரண்டு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவோம். போதாததற்கு நான் தூக்கத்தில் பாயைச் சுற்றி வலம் வருபவள். தாராளமாக இருக்கட்டும் என்று பெரியதையே வாங்கினேன். கறுப்பு நிறம். (அழுக்குத் தெரியாதாம்!)

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை மணி. ஐந்தரைக்கு எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம் என்பதால் ஹாலில் இருந்த சோபாவை நகர்த்தி, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தோம். காலியாகக் கிடந்த ஹாலைப் பார்த்ததும் அப்பாவுக்குச் சோதனை ஞாபகம் வந்துவிட்டது. ஃபேனை நிறுத்தினார். என்னை உள்ளே படுக்கவைத்து ஜிப்பைக் கழுத்து வரை இழுத்தார்.

"பத்து நிமிஷம். அசையாத."

பத்தாவது நிமிடம் ஜிப் திறக்கவில்லை. உள்ளே தொளதொளவென்று கிடந்த துணியை அது கவ்விக்கொண்டிருந்தது. வேர்வையில் வழுக்கிக்கொண்டே போய் நான் முழுசாக உள்ளே மறைந்துவிட்டேன். "கத்திரிக்கோல் எடுக்கவா?" என்று அம்மா அழ ஆரம்பித்தாள். "வெட்டாதீங்க, புதுசு!" என்று உள்ளிருந்து அலறினேன். ஜிப்பில் மெழுகு தேய்த்தால் வழுக்கும் என்று அப்பா ஒரு மெழுகுவர்த்தியோடு என் தலைமாட்டில் வந்து நின்றார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் சபை சொர்ணம் ஆன்ட்டி மூன்று பேரோடு உள்ளே நுழைந்தார். (ஜெபக் கூட்டத்துக்கு அவர் சீக்கிரம் வந்தது அன்று ஒரு நாள்தான்.) வாசலில் நாற்காலிகள். ஹாலில் நீளமாக ஒரு கறுப்பு மூட்டை, முகம் தெரியவில்லை. தலைமாட்டில் மெழுகுவர்த்தி. பக்கத்தில் அழும் அம்மா.

"ஐயோ எஸ்தரு! ஒரு போன் பண்ணக் கூடாதாடி?" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டார் சொர்ணம் ஆன்ட்டி.

அம்மா வாய் திறப்பதற்குள் நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். யாருக்கு என்ன ஆயிற்று என்று நானும் பதறினேன். அப்புறம்தான் தெரிந்தது, செத்தது நான்.

"நேத்துகூட பஸ் ஸ்டாப்ல சிரிச்சிகினு நின்னுச்சே!"

"எவ்ளோ அடக்கமான பொண்ணு!"

"தங்கமான குணம்" என்று மூக்கைச் சிந்தினார் சொர்ணம் ஆன்ட்டி. "சமைக்கத்தான் ஒண்ணும் தெரியாது, பாவம்."

அதுவரை கேட்க நன்றாகத்தான் இருந்தது. இதை எப்படிப் பொறுப்பது?

"ஆன்ட்டி, நான் ரசம் வைப்பேன்!" என்று மூட்டையோடு எழுந்து உட்கார்ந்தேன்.

மூன்று பேர் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். சொர்ணம் ஆன்ட்டி மட்டும் ஓடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று கத்தினார்.

ஒருவழியாக மெழுகு வேலை செய்தது. ஆவியில் வெந்த கொழுக்கட்டையாக வெளியே வந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும், மலை கைவிட்டுப் போனது என்று எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

"முப்பத்தஞ்சு நிமிஷம். மே மாசம், ஃபேன் இல்ல. இதுலயே உயிரோட கீது. மலை இன்னா பண்ணிடப் போவுது? பாஸ்!"

"போய்ட்டு வரட்டும் தர்மராஜு" என்று அப்பாவிடம் சொன்னார் சொர்ணம் ஆன்ட்டி, தண்ணீர் குடித்துக்கொண்டே. "அதான் நாங்க மொத்தமா அழுது முடிச்சிட்டோமே."

போனேன். கடைக்காரர் சொன்னதுதான் சரி. தேவைக்கு மேல் இடம் இருந்தால் அதில் குளிரும் வந்து படுத்துக்கொள்கிறது. கொண்டுபோன துணி அத்தனையையும் உள்ளே திணித்த பிறகுதான் சூடு உள்ளே தங்கியது. விடிந்ததும் கூடாரத்தைத் திறந்தேன். மேகம் எனக்குக் கீழே இருந்தது. அதற்கு முன் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இப்போது வருஷத்துக்கு இரண்டு மலை. கிளம்பும்போதெல்லாம் அப்பா என் பையில் ஒரு மெழுகுவர்த்தியைப் போட்டு அனுப்புகிறார். என் கல்யாணத்தில் சொர்ணம் ஆன்ட்டி மேடையேறி, மைக்கை வாங்கி, மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, இந்தப் பொண்ணைப் பத்தி நல்லதெல்லாம் நான் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லி முடிச்சிட்டேன். அன்னிக்கு ஒண்ணு மட்டும் தப்பா சொல்லிட்டேன். ரசம் வைக்கும்."