பின் கேட் இல்லாத கோட்டை

இடிந்துபோன மலாக்கா கோட்டைக்குப் பின் கேட் வைத்தவள் நான்தான். போர்த்துக்கீசியன் கட்டினான், டச்சுக்காரன் பிடித்தான், வெள்ளைக்காரன் இடித்தான் என்று எல்லாரும் பள்ளியில் படித்திருப்பார்கள். 'இடித்தான்' என்ற பாடம் நடந்த அன்று நான் பள்ளிக்கு மட்டம் போட்டிருக்க வேண்டும். வகுப்போடு மலாக்காவுக்குச் சுற்றுலா போன வருடமும் எனக்கு அம்மை போட்டிருந்தது. (சகுனம் அப்போதே சொல்லிவிட்டது. நான்தான் கேட்கவில்லை.)

எட்டு வருடத்துக்கு முந்திய கதை. எனக்குக் கல்யாணமாகி அப்போது ஏழு மாதம். நீலாயில் ஒரு தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவில் வேலை பார்த்தேன். எந்த மெஷின் எத்தனை மணிக்கு ஓட வேண்டும், எந்த லாரி எப்போது வந்து நிற்க வேண்டும் என்று அட்டவணை போடுவேன். பிறந்து வளர்ந்தது அம்பாங்கானில், வரிசை வீட்டில். வாழ்க்கைப்பட்டதோ நீலாய்க்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில். என் வீட்டுக்காரர் சரவணன் தோட்டத்துப் பட்டறையில் மெக்கானிக். மாமா, அதாவது என் மாமனார், அதே தோட்டத்தில் முப்பது வருடம் மண்டோராக இருந்து பழம் வெட்டுகிறவர்களை மேய்த்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். முகம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை. கரண்டியைத் தொட்டால் அத்தை, "நீ உக்காரும்மா, நாங்க பாத்துக்கறோம்" என்பார். துடைப்பத்தை எடுத்தால் பிடுங்கி மூலையில் வைத்துவிடுவார். தன் மகள் கமலா அக்காவை "அடியே" என்று அதட்டி வேலை வாங்குகிற அதே வாய், என்னிடம் திரும்பும்போது பேங்கில் பேசுவது போலப் பேசும். டவுனில் வளர்ந்த பெண், படித்த பெண், கை நோகக் கூடாதாம். ஏழு மாதமாக நான் அந்த வீட்டில் விருந்தாளியாகவே இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரே ஒரு திட்டு வாங்க ஏங்கிப்போயிருந்தேன்.

ஒவ்வொரு வருடமும் பள்ளி விடுமுறையில் குடும்பமும் பக்கத்து வீடுகளும் சேர்ந்து பஸ் பிடித்து ஒரு நாள் பயணம் போவது வழக்கம். ஊர் எப்போதும் போர்ட்டிக்சன் கடற்கரை, எங்கள் வாயில் 'பிடி'. பொறுப்பு எப்போதும் கமலா அக்கா. அவருடைய திட்டம் இரண்டே வரி: காலையில் போகிறோம், சாயங்காலம் வருகிறோம். அந்த வருடம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் வாயைத் திறந்து, இந்தத் தடவை மலாக்கா கோட்டைக்குப் போகலாமே, நானே எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அத்தை மாமாவைப் பார்த்தார். மாமா சோற்றைப் பார்த்தார். பிறகு, "செய்யட்டும்" என்றார். அந்த வீட்டில் முதன்முதலாக ஒரு வேலை என் கைக்கு வந்தது. இதைச் சரியாகச் செய்தால் அடுத்தது கரண்டி என்று மனம் கணக்குப் போட்டது.

மூன்று வாரம் உட்கார்ந்து அட்டவணை போட்டேன். இணையத்தில் கோட்டையின் பழைய ஓவியம் ஒன்று கிடைத்தது. நாலு பக்கமும் மதில், மூலைக்கு மூலை கொத்தளம், மேலே கொடி. மற்றப் படங்களில் எல்லாம் ஒற்றை வாசல் மட்டும்தான் தெரிந்தது. வாசலில் நின்று படம் எடுத்தால் வாசல்தானே தெரியும், மிச்சக் கோட்டை பின்னால் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன். (இதற்குத்தான் என்னைத் தொழிற்சாலையில் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள்.)

அட்டவணையில் பதினான்கு அம்சங்கள். மதில் மேல் நடை நாற்பத்தைந்து நிமிடம். கொத்தளங்கள் இருபது நிமிடம். பன்னிரண்டரைக்குக் கோட்டைக்குள் மதிய உணவு. எனக்கே பெருமையாக இருந்த அம்சம் ஒன்பதாவது: முன் கேட்டில் இறங்குகிறோம், பஸ் சுற்றிப் போய்ப் பின் கேட்டில் நிற்கிறது, நாம் உள்ளே நடந்து அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்கிறோம். பானை, பாய், தண்ணீர் எதையும் யாரும் சுமக்க வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு மாமா முதன்முறையாக என்னைப் பார்த்துத் தலையாட்டினார். காரணம் இருந்தது. தோட்டத்தில் வேலையே அப்படித்தான். ஆட்களைக் காட்டின் இந்த முனையில் இறக்கிவிட்டு லாரி சுற்றிப்போய் அந்த முனையில் நிற்கும். நிரை பிடித்து வெட்டிக்கொண்டே போனால் முடியும் இடத்தில் லாரி இருக்கும். முன் கேட் என்று இருந்தால் பின் கேட் என்று ஒன்று இருக்கும் என்பதில் எங்கள் தோட்டத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அட்டவணையை வண்ணத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். கோட்டையை ஏற்கெனவே பார்த்தவர்கள் பஸ்ஸில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பிளாஸ்டிக் உறை போட்ட தாளை எங்கள் ஆட்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

பயண நாள் காலையில் மாமா பஸ் முன்னால் நின்று பெரட்டு எடுத்தார், வேலைக்கு ஆள் கணக்கு எடுப்பது போலவே. முப்பத்தாறு பேர். தோட்டத்து முகப்பில் முனியாண்டிக்குச் சூடம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்துக் கிளம்பினோம். அத்தை விடியுமுன் எழுந்து புளிச்சோறும் கோழிப் பிரட்டலும் நெத்திலிச் சம்பலும் செய்து பெரிய பானைகளில் ஏற்றியிருந்தார். பஸ் ஓட்டியவர் முத்தையா அண்ணன். நான் கொடுத்த தாளைக் கண்ணாடிக்கு மேலே செருகி வைத்திருந்தார்.

பத்தரைக்குக் கோட்டை வாசலில் இறங்கினோம். முத்தையா அண்ணனிடம், பின் கேட்டில் போய் நில்லுங்கள் என்றேன். அவர் போய்விட்டார். முப்பத்தாறு பேரும் வரிசையாக வாசலுக்குள் நுழைந்தோம். நாலு எட்டு வைத்தேன். வெளியே வந்துவிட்டேன்.

அந்தப் பக்கம் புல்வெளி இருந்தது. மரம் இருந்தது. குன்றுக்குப் போகும் படி இருந்தது. கோட்டை இல்லை. மாமா வாசலுக்குள் திரும்பிப் போனார், மறுபடி வந்தார், மறுபடி போனார். வெட்டாமல் விட்ட குலை ஏதும் இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி மேலேயும் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"மிச்சம் எங்கம்மா?"

பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. அதை நான் அப்போதுதான் படித்தேன். "இடிச்சிட்டாங்க மாமா."

"எப்ப?"

"இருநூறு வருசம் இருக்கும்."

மாமா பலகையைப் பார்த்தார், என் கையிலிருந்த அட்டவணையைப் பார்த்தார். "அப்ப நீ பிளான் போடுறதுக்கு முன்னாடியே" என்றார்.

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். மலாக்கா பூமிக்கு அந்தத் தயவும் இல்லை. மூன்று மணி நேர அட்டவணை நாலு எட்டில் முடிந்துவிட்டது. எல்லாரையும் குன்றின் மேல் ஏற்றினேன். பாழடைந்த தேவாலயத்தைக் காட்டினேன். முன் பக்கம், பின் பக்கம், பக்கவாட்டு என்று படம் எடுத்தோம். இறங்கி வந்து மணியைப் பார்த்தால் பதினொன்றேகால். முட்டி வலியால் மேலே ஏறாத அத்தை, மரத்தடியில் உட்கார்ந்து பஸ் எங்கே என்று கேட்டார்.

முத்தையா அண்ணனுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். சரவணன் போட்டார். கமலா அக்கா போட்டார். அப்புறம்தான் எனக்கு அட்டவணையின் பதினோராவது அம்சம் ஞாபகம் வந்தது: ஓட்டுநர் போனை அணைத்துவிட்டு ஓட்ட வேண்டும், பின் கேட்டை அடைந்த பிறகே திறக்க வேண்டும். முப்பத்தாறு பேரில் ஒருவர் கூடக் கடைசி வரை படிக்காத தாளை, அந்த ஒரே ஒரு மனிதர் வரிக்கு வரி படித்துத் தொலைத்திருந்தார்.

பன்னிரண்டரை ஆனது. ஒரு மணி ஆனது. வெயில் மண்டையைப் பிளந்தது. பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்தார்கள். நடக்கும் தூரத்தில் சாப்பாட்டுக் கடைகள் இருந்தன. ஆனால் அத்தை, "அம்புட்டுச் சோறு பஸ்ஸுல இருக்கு, கடையில வாங்குறதா?" என்று ஒரு பார்வை பார்த்தார். அதற்கு மேல் ஒரு ஜீவன் அசையவில்லை. மாமாவுக்கு இனிப்புநீர் வியாதி. மாத்திரையும் பஸ்ஸில். அவர் நெற்றியில் வேர்வை அரும்புவதைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்கு ஓடினேன். ஒரு கடலை உருண்டை வாங்கிக் கொடுத்தேன். மறுக்காமல் சாப்பிட்டார்.

கமலா அக்கா யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார்: "பிடி கடல யாரும் இடிக்க மாட்டாங்க லா."

நான் வாசலுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். கல்யாணத்துக்குப் பிறகு முதல் அழுகை. ஒரு வேலை கொடுத்தார்கள், அதையும் கெடுத்துவிட்டேன், இனி ஆயுசுக்கும் "நீ உக்காரும்மா"தான் என்று நினைக்க நினைக்கக் கண்ணீர் வந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண் நான் சரித்திரத்துக்காக அழுகிறேன் என்று நினைத்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

வெளியே வந்தபோது மாமா ஒரு பெச்சாவைப் பிடித்திருந்தார். மலாக்காவில் சுற்றுலாக்காரர்களுக்காக மிதிக்கும் மூன்று சக்கர வண்டி அது. அந்த வண்டி முழுக்க ரோஜா நிறம். பிளாஸ்டிக் பூ, குடை, கூரையில் ஒரு பெரிய பூனைப் பொம்மை. "ஏறும்மா, பஸ்ஸத் தேடுவோம்" என்றார். ஏறினேன். எங்களைப் பார்த்ததும் வண்டிக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒலிபெருக்கியில் ஒரு தமிழ்க் குத்துப் பாட்டைத் தட்டிவிட்டார். மாமா முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் முட்டியில் வைத்து, துரை ஆபீசில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார். தெருவே எங்களைப் பார்த்தது.

மன்னித்துவிடுங்கள் மாமா என்றேன். பாட்டுச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கத்திச் சொன்னேன்.

"நீ மட்டுமா?" என்றார் மாமா. "முப்பது வருசம் மண்டோரு. பின் கேட்டுன்னதும் நானும்தான் தலையாட்டுனேன். போ, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே புத்தி."

எனக்கு மறுபடி அழுகை வந்தது. இந்த முறை காரணம் வேறு.

மூன்றாவது தெருவில், சிவப்பு விளக்கில், எங்கள் பஸ் நின்றது. முத்தையா அண்ணன் வேர்த்து விறுவிறுத்துப்போயிருந்தார். அத்தனை தெருவும் ஒரு வழிப்பாதை. கேட்டவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கேட்டைக் காட்டியிருக்கிறார்கள். ஒரு ஓட்டலின் பின் கேட், ஒரு பள்ளியின் பின் கேட் என்று மனிதர் ஒன்றையும் விடவில்லை. மாமாவைப் பார்த்ததும் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"எட்டு ரவுண்டு அடிச்சிட்டேண்ணே. பின் கேட்டு கெடைக்கல."

"அது இல்ல முத்தையா. இடிச்சிட்டானுங்க."

முத்தையா அண்ணன் திகைத்துப்போனார். "எப்ப, காலையிலயா?"

வழி தவறாமல் இருக்க பஸ் எங்கள் பின்னாலேயே வரட்டும் என்றார் மாமா. பெச்சா முன்னால் ஊர்ந்தது. பின்னால் பஸ் ஊர்ந்தது. அதன் பின்னால் பொறுமையிழந்த பத்துப் பதினைந்து கார்கள். குத்துப் பாட்டு அதிர, பிளாஸ்டிக் பூக்கள் ஆட, நானும் மாமாவும் சாமி புறப்பாடு போலக் கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தோம். அத்தை மரத்தடியிலிருந்து எழுந்து நின்றார். பூனைப் பொம்மைக்குக் கீழே தன் புருஷனைப் பார்த்தார். வாயில் முந்தானையை வைத்தார். அப்படியும் அடக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். பெச்சாவிலிருந்து இறங்கிய மாமாவும் சிரித்தார். அவருக்கு ஒரு கடைவாய்ப் பல் இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

பானைகளை இறக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. பானையும் பாயும் பிள்ளைகளுமாக முப்பத்தாறு பேரும் வாசலுக்குள் ஓடினோம். தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றால் எல்லாருக்கும் இடம் இருந்தது. எதிரி வந்திருந்தால் அன்று உள்ளே நுழைந்திருக்க முடியாது. பன்னிரண்டாவது அம்சம், கோட்டைக்குள் மதிய உணவு. பதினான்கு அம்சங்களில் நிறைவேறியது இது ஒன்றுதான். முதல் தட்டும் மாத்திரையும் மாமாவுக்குப் போயின.

நான் ஓரமாக ஒண்டி நின்றேன். வழக்கம்போல "நீ உக்காரும்மா" வரும், உட்காரத்தான் இடமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை என் பக்கம் திரும்பினார்.

"அடியே கோட்டைக்காரி, நின்னு வேடிக்கை பாத்தா ஆச்சா? கரண்டியப் புடி."

பிடித்துக்கொண்டேன். அதைத் திருப்பிக் கொடுக்கும்படி இன்றுவரை யாரும் கேட்கவில்லை. (இப்போது நானாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லை. ஏங்கிய வாய்க்குத் திட்டும் நாள் தவறாமல் கிடைக்கிறது.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது தாமதமானாலும் அது பின் கேட்டில் நிற்கிறது. சம்பளம், மழை, அடுப்புக்கு வரவேண்டிய காஸ் தோம்பு, கல்யாணத்துக்கு வராத உறவுக்காரர் எல்லாம் அங்கேதான். எனக்கு டாக்டர் சொன்ன நாள் கடந்து ஒன்பது நாளாகியும் பிரசவம் ஆகாதபோது, அத்தை சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு, பிள்ளை பின் கேட்டைத் தேடி ரவுண்டு அடிக்கிறது, வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிரித்ததில்தான் எனக்கு வலியே எடுத்தது.

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஆறு வயது. போன மாதம் பாலர் பள்ளியிலிருந்து மலாக்காவுக்குக் கூட்டிப் போனார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் பையை எறிந்துவிட்டு நேராக மாமாவிடம் போய் நின்றாள்.

"தாத்தா, டீச்சர் ஒரு கேட்டுதான் காட்டுனாங்க. நீங்க சொன்ன பின் கேட்டு எங்க?"

மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. முகமும் மாறவில்லை.

"டீச்சருக்குத் தெரியாது" என்றார். "அதுக்கு ஒங்கம்மா கூட பெச்சாவுல போவணும்."