தலையணை விட்ட குறட்டை

வார்த்தை சொல்லாமலே என் பேத்தியைக் கூட்டி வந்து காட்டுவேன். இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அன்றைக்குக் காலையில் நான் போட்ட சபதம் இது.

விஷயம் இதுதான். கயல்விழிக்கு நாலு வயது. மகளும் மருமகனும் வேலைக்குப் போவதால் பகலெல்லாம் குழந்தைகள் காப்பகம். சாயங்காலம் போய்க் கூட்டி வருவது என் சம்சாரம் நாச்சியம்மாள். வேறு யார் வந்து கூப்பிட்டாலும், வீட்டு ரகசிய வார்த்தையைச் சொன்னால்தான் கூடப் போகணும் என்று பிள்ளையைப் பழக்கி வைத்திருந்தாள்.

"எனக்குமா புள்ள?" என்றேன்.

"உங்களுக்குந்தானுங்க."

"நான் அவளுக்கு அப்புச்சி!"

"மீசை வெச்சவன் எவன் வேணா அப்புச்சின்னு சொல்லிக்கலாமுங்க."

"வார்த்தை இல்லாம கூட்டியாந்தா?"

"உங்க குறட்டையப் பத்தி இனி வாயே தொறக்க மாட்டனுங்க."

"நான் எப்ப குறட்டை உட்டேன்? ஆதாரம் இருக்குதா?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

நாலு மணி வாக்கில், மத்தியானத் தூக்கம் இன்னும் கலையாத மாதிரி கட்டிலில் ரெண்டு தலையணையைப் படுக்க வைத்து, என் போர்வையைப் போர்த்திவிட்டு, பின்வாசல் வழியாக நழுவினேன். அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

எங்கள் ஊர் கருமத்தம்பட்டியில் எந்நேரமும் விசைத்தறி ஓடும். அந்தச் சத்தம் எங்கள் காதில் ஏறாது. நின்றால்தான் தெரியும். காப்பகத் தெருவில் நான் திரும்பினேன். வானம் கறுத்தது. கரண்டு போனது. அத்தனை தறியும் ஒரே மூச்சில் நின்றன. என் செருப்புச் சத்தமே பின்னால் யாரோ வருகிற மாதிரி கேட்டது. திரும்பினேன். யாருமில்லை.

காப்பகத்துக் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் கும்மிருட்டு. இருட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள், பையை மாட்டிக்கொண்டு, வரிசையாக, பேசாமல். அத்தனை கண்ணும் என்மேல்.

"யாருங்க ஐயா?" ஃபர்சானா டீச்சர் செல்போன் வெளிச்சத்தை என் முகத்தில் அடித்தார். நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை.

"கயல்விழியோட அப்புச்சிங்க. சுப்பண்ணன்."

கயல்விழி ஓரடி முன்னால் வந்தாள். காலையில் என் மடியில் உட்கார்ந்து பால் குடித்த பிள்ளை. சுவரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"வார்த்தை?"

"கண்ணு, நாந்தான் சாமி..."

"வார்த்தை?"

பின்னால் நின்ற அத்தனையும் சேர்ந்து, மெதுவாக, "வார்த்தை...?" என்றன.

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். டீச்சர் என் வீட்டு லேண்ட்லைனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அம்மா, சுப்பண்ணன்னு ஒருத்தர் வந்திருக்காருங்க."

"அவரு இங்க கட்டல்ல தூங்கறாருங்களே. நீங்களே கேளுங்க."

கேட்டது. கர்ர்ர்... புஸ்ஸ்ஸ்...

கட்டிலில் இருப்பது தலையணை. வைத்தவன் நான். தலையணை எப்படிக் குறட்டை விடும்? அங்கே தூங்குகிறவன் சுப்பண்ணன் என்றால், இங்கே நிற்கிறது யார்? என் கையை நானே தொட்டுப் பார்த்தேன். பச்சைத் தண்ணீராட்டம் இருந்தது.

டீச்சர் கதவுக்கு இன்னொரு பூட்டுப் போட்டார். "போலீசுக்குச் சொல்லட்டுங்களா அம்மா?"

"வேண்டாமுங்க. நானே வாரேன்."

பத்து நிமிஷத்தில் குடையோடு வந்தாள் நாச்சியம்மாள். செல்போனை அழுத்தினாள். கர்ர்ர்... புஸ்ஸ்ஸ்...

"காலைல ஆதாரம் கேட்டீங்கல்ல? போன வாரமே செல்லுல புடிச்சு வெச்சுட்டனுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் குரல் இறங்கிவிட்டது. "நெசமாவே எவனாச்சும் வந்து நின்னாலும், இந்தப் புள்ள இப்படித்தானுங்க நிக்கோணும்."



கயல்விழியிடம் குனிந்து, "அப்புச்சியும் வரட்டும் சாமி" என்று சொல்லி, காதில் ஏதோ முணுமுணுத்தாள். பிள்ளை ஓடி வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டது. கரண்டு வந்தது. தறிகள் ஓட ஆரம்பித்தன.

டீச்சர் கையெழுத்து நோட்டை நீட்டினார். நாச்சியம்மாள் எழுதியதை எட்டிப் பார்த்தேன்.

கூட்டிச் செல்லும் குழந்தைகள்: இரண்டு.