நல்ல ஓட்டுநர் சலுகை

ட்ரூடி சொன்ன தொகையைக் கேட்டதும் டெல்மர் ஸ்வோபோடா போனை மறு காதுக்கு மாற்றிப் பார்த்தார். அந்தக் காதிலும் அதே தொகைதான் கேட்டது.

"மூணு வருஷக் கெடு முடிஞ்சிருச்சே ட்ரூடி! இன்னுமா இவ்வளவு?"

இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டிப் பிடிபட்டவர் டெல்மர். அன்றிலிருந்து மூன்று வருஷம், அவரிடம் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று கம்பெனி நெப்ராஸ்கா அரசுக்குச் சான்று கொடுத்தபடி இருக்க வேண்டியிருந்தது. ஆபத்தான ஓட்டுநர் என்று பிரீமியமும் இரட்டிப்பு. போன வாரம்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

"சான்றுதான் முடிஞ்சுது. உன் பேரு இன்னும் நாறிக்கிட்டுத்தானே இருக்கு?" என்றாள் ட்ரூடி. பள்ளியில் கூடப் படித்த ஏஜென்ட். மரியாதை எதிர்பார்க்க முடியாது. "ஒரு வழி இருக்கு. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி செருகணும். நீ எப்படி ஓட்டுறேன்னு அது எனக்குச் சொல்லும். ஒழுங்கா ஓட்டினா பாதி விலை."

"செருகு, செருகு!"

"ஞாயித்துக்கிழமை நீ சர்ச்சுல பாடிக்கிட்டு இருக்கும்போது வாசல்ல வந்து செருகிடறேன். வெள்ளை பிக்கப் டிரக்தானே? அப்புறம் அதைத் தொட்டுடாதே, குனிஞ்சுகூடப் பார்க்காதே. கை பட்டா சலுகை போச்சு."

சாவி தேவைப்படவில்லை. அந்த ஊரில் வண்டியைப் பூட்டுவது அக்கம்பக்கத்தாரைத் திருடர் என்று சொல்வதற்குச் சமம்.

பாதி விலை கிடைக்காவிட்டால் பிக்கப்பை விற்க வேண்டும். விற்றால் தானியக் கிடங்கு வேலைக்குப் போக முடியாது. டெல்மர் முட்டைக் கூடையை மடியில் வைத்திருப்பவர் போல ஓட்டினார். டிராக்டர் ஒன்று அவரை முந்திச் சென்றது.

முதல் வாரம் ட்ரூடி கூப்பிட்டாள். "என்னப்பா, இவ்வளவு சடன் பிரேக்?"

"பிரேக் போடுற அளவுக்கு வேகமே இல்லியே!"

அடுத்த வாரம் இன்னும் மெதுவாக ஓட்டினார். அறிக்கை இன்னும் மோசம். மூன்றாவது வாரம் பிக்கப்பைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, மனைவி லொரெட்டாவின் காரில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்.

ட்ரூடி மறுபடி கூப்பிட்டபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"சனிக்கிழமை நடுராத்திரி, ஆத்துப் பாலம் தாண்டி, தொண்ணூறு மைல் வேகம்! உனக்குப் புத்தி இருக்கா?"

லொரெட்டா சூப் கரண்டியைக் கீழே வைத்தாள். "பாலத்துக்கு அந்தப் பக்கம் சூதாட்ட விடுதியைத் தவிர என்ன இருக்கு?"

"நான் உன் பக்கத்துலதானே தூங்கிட்டு இருந்தேன்!"

"தூங்கினது நானு. நீ இருந்தியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பைபிள் மேல் சத்தியம் வாங்காமல் விடுவதில்லை என்று அன்று மாலையே அவரைத் தங்கள் சர்ச் பாஸ்டர் ஹார்லன் வீட்டுக்கு இழுத்துப் போனாள். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு முழுக் கதையையும் கேட்டார்.

"ஒத்துக்கிட்டா பாரம் குறையும், தம்பி. சூதாட்டம் நல்லவங்களையும் இழுத்துடும்."

"பாஸ்டர், வண்டி கொட்டகையிலதான் நின்னுது!"

"பொய் வேற எதுக்கு?" என்றாள் லொரெட்டா. "அந்தப் பெட்டி பொய் சொல்லுமா?"

பலகாரமாக ஆப்பிள் பை கொண்டுவந்த பாஸ்டரின் மனைவி நோரீன் தட்டோடு நின்றார்.

"சின்னதா, கறுப்பா, பச்சை லைட் மினுக்கிக்கிட்டு இருக்குமே, அதுவா? நம்ம வெள்ளை பிக்கப்புலகூட மூணு வாரமா ஒண்ணு இருக்குங்க! சனிக்கிழமை ராத்திரி நீங்க நோயாளிகளுக்கு ஜெபம் பண்ண ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறப்போகூட மினுக்கிச்சே!"