ஏழாம் எண் பெண்மணியும் கோணலாக மடித்த துணியும்

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய அண்ணன் ஆக்செல் அவர்களுக்கு,

ஒடென்ஸவிலிருந்து தம்பி ஹோல்கர் எழுதிக்கொள்வது. நானும் பிர்தெவும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் தன் இஷ்டப்படி. நீங்களும் இங்கலிஸ் அண்ணியும் ஆல்போர்க் காற்றுக்கு ஈடுகொடுத்து நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மூன்று வாரமாக நான் ஏன் போன் செய்யவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நான் இப்போது ஆராய்ச்சியாளன், அண்ணா. பிர்தெவின் தங்கை மகள் சிக்னெ தன் படிப்புக்காக, கணவர் ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் மனைவியின் பாடு என்ன என்று பன்னிரண்டு பெண்மணிகளைப் பேட்டி எடுத்து, பேசியதை ஒரு வரி விடாமல் எழுதி வைத்திருக்கிறாள். அதை ஒருத்தர் மட்டும் படித்து முடிவு சொன்னால் செல்லாதாம். இன்னொருத்தரும் தனியாகப் படித்து, ஒவ்வொரு பேச்சுக்கும் ஓரத்தில் சின்னதாக ஒரு பெயர் எழுத வேண்டும். பிறகு இருவரும் ஒப்பிட்டு, ஒரே மாதிரிப் பெயர்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும். கூடப் படிக்கிறவள் கையை விரித்துவிட்டதால் என்னிடம் வந்தாள். முப்பத்து நான்கு வருஷம் ரயில்வே கால அட்டவணை போட்டவனுக்கு இது எம்மாத்திரம்? யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

முதல் பேட்டி எட்டுப் பக்கம். இருநூற்றுப் பதினான்கு பெயர் வைத்தேன். சிக்னெ தலையில் கைவைத்துக்கொண்டாள். "பெரியப்பா, அந்த அம்மா இருமினதுக்குக்கூடப் பேர் வச்சிருக்கீங்களே!" என்றாள். "இருமினாங்கன்னு நீதானே எழுதியிருக்கே? எழுதினா அது தகவல்" என்றேன்.

இப்படி வெற்றிகரமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஏழாம் எண் வந்தது. யாருக்கும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அந்த அம்மாள் சொல்கிறார்: "வேலைக்குப் போனப்போ எனக்கு ஒரு புருஷன் இருந்தார். இப்போ ஒரு மேலதிகாரி இருக்கார். பாத்திரம் துடைக்கிற துணியை நான் மடிச்சு வச்சா, பிரிச்சு மறுபடி மடிப்பார். கடைக்குப் போயிட்டு வந்தா எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு கேக்க மாட்டார், சொல்வார்." எனக்கு ரத்தம் கொதித்தது. ஓரத்தில் 'அடக்குமுறை' என்று எழுதினேன். போதாது என்று 'சகிக்க முடியாத ஜென்மம்' என்றும் எழுதி, இப்படிப்பட்டவனை ஆளில்லாத தீவில் இறக்கிவிட்டுப் படகைத் திருப்பிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று தனிக் குறிப்பும் போட்டேன். கோபம் தணியக் காபி போடலாம் என்று சமையலறைக்குப் போனேன். தண்ணீர் கொதிப்பதற்குள் குனிந்து பார்க்கிறேன், அண்ணா, என் கை துணியைப் பிரித்து மடித்துக்கொண்டிருக்கிறது.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஏழாம் எண் பிர்தெதான்! அதற்கு மேல் அந்தப் பேட்டியைப் படிக்கத் தெம்பில்லாமல் எட்டாம் எண்ணுக்குத் தாவினேன். ஆனால் திருந்துவது என்று முடிவெடுத்தால் நான் உடனே திருந்துகிறவன். அன்றிலிருந்து துணியைத் தொடுவதில்லை. பாத்திரம் கழுவும் மெஷினில் அவள் தட்டைத் தலைகீழாக அடுக்கினால் தோட்டத்துக்குப் போய் நின்றுகொள்கிறேன். கடையிலிருந்து வந்தால் "சீக்கிரம் வந்துட்டியே!" என்கிறேன். நாலாம் நாள் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்து, "ஹோல்கர், டாக்டர் ஏதாவது சொன்னாரா? எங்கிட்ட மறைக்காதே" என்றாள்.

போன வியாழக்கிழமை சிக்னெவும் நானும் ஒப்பிட உட்கார்ந்தோம். பத்துக்கு நாலுதான் ஒத்துப்போனது. பரவாயில்லை, அவள் இளம் வயது, கற்றுக்கொள்வாள் என்று நினைத்தேன். ஏழாம் எண்ணில் நான் 'அடக்குமுறை' என்று வைத்த இடத்தில் அவள் 'வேலை போன துக்கம்' என்று வைத்திருந்தாள். யார் துக்கம்? அந்தக் கணவனின் துக்கமாம்!

"அந்தத் தடியனுக்கா வக்காலத்து வாங்குறே?" என்று கத்திவிட்டேன்.

"பெரியப்பா, ஒரு வரியை மட்டும் பாத்தா நீங்க சொல்றதுதான் சரி. அடுத்த பக்கம் படிச்சீங்களா?"

படிக்கவில்லை என்று ஒரு ஆராய்ச்சியாளன் எப்படிச் சொல்வது? அவளே படித்துக் காட்டினாள்: "காலையில ஆறரைக்கே டை கட்டிக்கிட்டு ஜன்னல்கிட்ட உக்காந்திருப்பார். ஒருத்தரும் அவரை ஒண்ணும் கேக்கிறதில்ல. முன்னே நாளைக்கு நாப்பது பேர் கேப்பாங்க. அதான் சில நாள் துணியை நானே வேணும்னே கோணலா மடிச்சு வைப்பேன். வந்து சரிபண்ணிட்டு ஒரு மாதிரி நிமிந்து நிப்பார். போகட்டுமே."

நான் டை கட்டுவதில்லை. ஆளை அடையாளம் தெரியாமலிருக்க சிக்னெ மாற்றி எழுதியிருப்பாள் என்று உடனே புரிந்துகொண்டேன். ஆனாலும் கண்ணாடியைக் கழற்றி இரண்டு தடவை துடைக்க வேண்டியிருந்தது. என் ரெண்டு பெயரையும் நானே அடித்தேன். அவளும் தன்னுடையதை அடித்தாள். கடைசியில் அந்த அம்மாளின் வார்த்தையையே எடுத்து 'கோணல் மடிப்பு' என்று வைத்தோம். அவளுடைய பேராசிரியருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டதாம். அந்தப் பெயரில் பாதி என்னுடையது, அண்ணா. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளை நான் முழுப் பக்கமாகப் படித்தது அன்றைக்குத்தான்.

அண்ணிக்கு என் வணக்கம். பேரப் பிள்ளைகளுக்கு முத்தங்கள். எல்லோரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உங்கள் தம்பி,
ஹோல்கர்

பி.கு.: உறையை ஒட்டும் முன் பிர்தெவின் கையைப் பிடித்து, "அந்த ஏழாம் எண் நீதான்னு எனக்குத் தெரியும்" என்றேன். "என்னை யாரு பேட்டி எடுத்தா? சொந்தப் பெரியம்மாவை எடுக்கக் கூடாதாம். சிக்னெ போய் எடுத்ததெல்லாம் ஆல்போர்க்ல" என்கிறாள். "அப்போ துணியைக் கோணலா மடிக்கிறது எனக்காக இல்லையா?" என்றேன். "எனக்கு அப்படித்தான் மடிக்க வரும்" என்றாள். அண்ணா, நான் எந்த முடிவுக்கும் வரவில்லை, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நம் குடும்பத்தில் டை கட்டுகிறவர் யார் என்பதைக்கூட எழுதப்போவதில்லை. இன்று துணி கோணலாக இருந்தால் பேசாமல் சரிசெய்துவிட்டு, அண்ணியைப் பார்த்து ஒரு தடவை சிரியுங்கள்.