பத்துக்கு எட்டு

“வலியைக் காணோம்,” என்றார் பஸ் டிரைவர், தப்பு செய்தவரைப் போல.

ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் இருந்த மைத்துனன் நிமிர்ந்தான். “விளையாடாதீங்க மாமா. நமக்கு முன்னாடி இன்னும் நாலு பேர்தான்.”

“காலையில எழுந்ததுலேர்ந்தே இல்லப்பா. பயத்துல சொல்லல.”

எட்டு மாதமாக இடுப்பிலிருந்து இடது குதிகால் வரை மின்சாரம் பாய்ச்சிய வலி. அவரை ஸ்டீயரிங்கிலிருந்து இறக்கி, பயணிகள் மறந்துவிட்டுப் போகும் குடைகளுக்குக் காவல் உட்கார வைத்த வலி. போன வாரம் டாக்டர், திரையில் முதுகெலும்பைப் பார்த்தபடியே ஒரு நரம்பின் ஓரமாக ஊசி போட்டார். மூன்று மணி நேரம் ஒளிந்திருந்த வலி, ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சரியாக வந்து சேர்ந்தது. “அடுத்த வாரம் வலி மாத்திரை போடாம வாங்க, பார்க்கலாம்,” என்றிருந்தார் டாக்டர்.

“அந்த ஊசி பலிக்கல மாமா. வலி திரும்பவும் ஒளிஞ்சிருக்கு, வந்துடும். இன்னைக்கு வேற நரம்புல போட்டுப் பார்ப்பாங்க. வலியே இல்லாம போனா எந்த நரம்புன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?” என்றான் மைத்துனன். “இன்னைக்கு விட்டா மூணு மாசம் கழிச்சுத்தான் தேதி. அதுவரைக்கும் குடைதான்.”

“அப்ப எப்படியாவது வரவழைக்கணும்,” என்றார் டிரைவர்.

மைத்துனன் தச்சன், மோசமான நாற்காலி எதுவென்று பார்த்ததுமே தெரியும். கால் ஆடும் ஒன்றில் அவரைக் கூன் போட்டு உட்கார வைத்தான். கழுத்து பிடித்துக்கொண்டது.

“கழுத்து எதுக்கு மாமா? கால்.”

“நான் என்ன வெச்சிக்கிட்டா இல்லங்கறேன்?”

மூன்று மாடி ஏறி இறங்கினார்கள். டிரைவருக்கு மூச்சு வாங்கியது. மைத்துனனுக்கு முழங்கால் போனது. இடது கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

உள்ளேயிருந்து அவர் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வாசலில் இருந்த பெரிய பூந்தொட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். இடுப்பில் ஒரு சொடுக்கு. குதிகால் வரை அதே பழைய மின்சாரம்.

“வந்துடுச்சுடா,” என்றார், கண்ணில் நீர் முட்ட.

மைத்துனன் கைகுலுக்கினான். இருவரும் நொண்டிக்கொண்டே உள்ளே போனார்கள்.

“பத்துக்கு எத்தனை வலி?” என்று கேட்டாள் நர்ஸ்.

“எட்டு,” என்றார் டிரைவர் பெருமையாக.

“ஒன்பதுன்னே போடுங்க சிஸ்டர்,” என்றான் மைத்துனன்.

நர்ஸ் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி, மெல்ல இரண்டாகக் கிழித்தாள். “பாவம் சார் நீங்க. போன வாரம் போட்ட மருந்து பிடிக்க ஒரு வாரம் ஆகும். இன்னைக்கு வலி போயிருந்தா உங்க கையில கொடுக்கச் சொல்லி, ‘பஸ் ஓட்டலாம்’னு டாக்டர் கையெழுத்தே போட்டு வெச்சிருந்தார்.”