பூவரசைச் சாய்த்து அறுத்த உங்கள் அக்காவைப் பற்றி

கோவில்பட்டி,
வியாழக்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை பூவனலிங்கம் அவர்களுக்கு, அத்தான் குருசாமி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்கா மீனாட்சியம்மாளும் உடம்பளவில் சௌக்கியம். மனதளவில் எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். குளத்தூரில் நீங்களும் மகள் ஆனந்தியும் இரண்டு வகையிலும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் போனில் பேசினால் உங்கள் அக்கா பக்கத்தில் நின்று திருத்தம் சொல்வாள். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

வருகிற திங்கட்கிழமை ஆனந்தி பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலைக்குச் சேருகிறாள். முதல் கையெழுத்தை மாமா வீட்டில் கடைந்த பேனாவால்தான் போடுவேன் என்று பிள்ளை சொல்லியிருக்கிறது. அதற்காகத்தான் போன வருடக் காற்றில் உங்கள் கடை முன்னால் ஒடிந்து விழுந்த பூவரசங்கிளையை எனக்கு அனுப்பினீர்கள். நிழலில் காயப்போட்டு அறுத்துப் பார்த்தால் முக்கால்வாசியை வண்டு துளைத்துவிட்டது. தேறியது ஒரே ஒரு கட்டை, ஒரே ஒரு பேனாவுக்கு. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே பென்சிலால் கோடு இழுத்து வைத்துவிட்டு, ஒரு துக்க வீட்டுக்காகப் புதூர் போனேன். போனது இரண்டே நாள், மாப்பிள்ளை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து கதவைத் திறந்தால், கடைசல் மெஷின் பக்கத்தில் தரையெல்லாம் மரச்சுருள், மேஜை மேல் முடிந்துபோன ஒரு பேனா. என் பென்சில் கோட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல், கட்டையைக் குறுக்கும் இல்லை நெடுக்கும் இல்லை, சாய்வாக அறுத்து, துளை போட்டு, கடைந்து, மெருகும் போட்டு வைத்திருக்கிறாள். மூன்று வருடமாக மெருகு போடுவதைத் தவிர வேறு வேலை அவளிடம் நான் கொடுத்ததில்லை.

"ஏட்டி, என்ன செஞ்சு வச்சிருக்க? நான் கோடு போட்டுல்லா வச்சிட்டுப் போனேன்!"

"நீங்க பென்சிலப் பாத்து அறுப்பீங்க. நான் மரத்தப் பாத்து அறுத்தேன்."

மரத்தைப் பற்றி எனக்கே பாடம். தீப்பெட்டி ஆபீஸில் முப்பத்தாறு வருடம் குச்சிப் பிரிவில் இருந்தவன் நான். ரேகையோடு நேராகப் போன குச்சிதான் உரசும்போது தாங்கும். ரேகை சாய்ந்த குச்சி பெட்டியில் பட்டதுமே ஒடியும், அல்லது கொளுத்துகிறவன் வேட்டியில் விழும். இது யாரும் எனக்குச் சொல்லித் தந்ததல்ல, லட்சக்கணக்கான குச்சிகள் சொல்லித் தந்தது. ரிட்டையரான பிறகு கடைசலையும் நானாகத்தான் கற்றேன். இதுவரை கடைந்த இருநூற்றுப் பதினோரு பேனாவும் நேர் ரேகைதான்.

குற்றத்தைச் சொல்லும்போது நியாயமாகச் சொல்ல வேண்டும் என்பதால் அந்தப் பேனா எப்படி இருக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். நேராக அறுத்தால் ரேகைகள் மேலிருந்து கீழே ஓடும். அமைதியாக இருக்கும், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே முகம். குறுக்கே அறுத்தால் கோடே தெரியாது, புள்ளி புள்ளியாக எண்ணெயைக் குடித்துக் கறுத்துப்போகும். இவள் அறுத்த சாய்வில், பூவரசின் கறுஞ்சிவப்பும் வெளிறிய மஞ்சளும் நீள்வட்டம் நீள்வட்டமாக ஒன்றுக்குள் ஒன்று ஏறி நிற்கின்றன. விரலில் வைத்து உருட்டினால் ஒரு வட்டம் முனையை நோக்கி இறங்குகிறது, மறுபக்கம் இன்னொன்று மேலே ஏறுகிறது. பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கும்போது உழுத கரிசலின் சால்கள் நம்மோடு சேர்ந்து திரும்புமே, அப்படி. அது போகட்டும். திருகினால் முனை வெளியே வரும் பேனா இது, மேல் பாதி வேறு, கீழ் பாதி வேறு. என் பேனாக்களில் மேலே ஓடும் கோட்டுக்கும் கீழே ஓடும் கோட்டுக்கும் அறிமுகமே இருக்காது. இவள் இரண்டு பாதிக்கும் அடையாளம் வைத்துப் பொருத்தியிருக்கிறாள். முனை உள்ளே இருக்கும்போது கோடுகள் விலகி நிற்கின்றன. எழுதுவதற்காகத் திருகினால் அத்தனை கோடும் அதனதன் இடத்தில் வந்து சேர்ந்துவிடுகின்றன. நான் இருபது தடவை திருகிப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான்.

அழகு இருந்து என்ன, பலம் வேண்டாமா? குச்சியைச் சோதிக்கிறபடி இரண்டு கட்டைவிரலையும் நடுவில் கொடுத்து வளைத்தேன். ஒடியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் வளைத்தேன். என் வலது கட்டைவிரல் சுளுக்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஜெராக்ஸ் கடை சுடலைராஜ் உள்ளே வந்தான்.

"அண்ணாச்சி, அது பேனா, தீக்குச்சி இல்ல. உள்ள பித்தளைக் குழாய் இருக்குல்லா? நீங்கதான ஒவ்வொரு பேனாலயும் ஒட்டுதீங்க! மேல மரம் எப்படிப் போனா என்ன, ஒடியவா போவுது?"

உங்கள் அக்கா அடுக்களையிலிருந்து சொன்னாள்: "மூணு வருசமா குழாய அவியதான் ஒட்டுதாவ. எதுக்குன்னு யாரும் அவியகிட்ட சொல்லல போல."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, புதன்கிழமை முழுவதும் உட்கார்ந்து, வேப்பங்கட்டையில் நேர் ரேகையாக ஒரு பேனா கடைந்தேன். அதில் ஒரு பிசிறு காட்டினால் மெஷினையே விற்றுவிடுகிறேன். அவள் வாங்கிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. கோடு போட்ட நோட்டு மாதிரி."

"ஆனந்திக்கு இதுதான் போகுது."

"எதுன்னு பிள்ளைகிட்ட கேளுங்களேன்."

"மாமா கடைஞ்சதுன்னுதான பிள்ளை கேட்டுது?"

நேற்று சாயங்காலத்திலிருந்து இந்த வீட்டில் காப்பி வருகிறது, சோறு வருகிறது, பேச்சு வருவதில்லை. அதனால் நான் மாறுவேனா? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை, தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. வேப்பம் பேனா இந்தக் கடிதத்தோடு கூரியரில் வருகிறது. நேர் ரேகைப் பேனாவால் கையெழுத்துப் போடும் ஆனந்தியின் உத்தியோகமும் நேராகப் போகட்டும். அவள் மேஜைக்கு வருகிற ஜனங்கள் அவளை வாழ்த்திக்கொண்டு வீடு திரும்பட்டும். உங்கள் பக்கம் ஒரு நல்ல மழை இறங்கி உளுந்து காய்க்கட்டும்.

இப்படிக்கு,
கொள்கை மாறாத அத்தான்,
குருசாமி.

பின்குறிப்பு: பெட்டியை ஒட்டுவதற்கு முன் இரண்டு பேனாவையும் வெளிச்சத்தில் கடைசியாக ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உள்ளே இருப்பது பூவரசு. கை தவறி வைத்ததாக நினைக்க வேண்டாம். வேப்பம் பேனா என் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். உங்கள் அக்காவுக்கு இது தெரியாது. வேம்பு போகிறது என்றுதான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டதும் ஆனந்தியை இந்த வீட்டுக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள். நான் எடுத்தாலும் என்னிடம் பேச வேண்டாம். அத்தையைக் கூப்பிட்டு, நீங்க கடைஞ்ச பேனா வந்து சேந்துட்டு என்று மட்டும் சொல்லட்டும்.